முட்டி வலிக்கு அக்குபங்சர்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா? (கோத்தகிரி)

கேள்வி, அக்டோபர் 9

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த உடம்பு. இரண்டு முட்டியிலும் வலி, ராத்திரி ஒரு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து வாரம் ஒரு நாள் மேலே வரும் ஹீலர் ஒருவர், "முட்டியை மட்டும் பார்க்க மாட்டேன், முழு உடம்பையும் சேர்த்துச் சரி செய்வேன், பத்து தடவை வந்தால் போதும்" என்கிறார். இங்கே போனவர்கள் எல்லாம் நன்றாகத்தான் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு 10.15

தம்பி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். நான் குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். இரண்டு வருடம் முன்னால் வலது தோள் இறுகிவிட்டது. சட்டைக்குள் கை நுழையாது, பின் பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். தைலம், ஒத்தடம், வலி மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஊட்டியில் ஒருவரிடம் அக்குபங்சர் ஊசிக்குப் போனேன். எட்டாவது தடவை முடிந்து பஸ் ஏறும்போது மேல் கம்பியை வலது கையால் பிடித்திருந்தேன். பிடித்த பிறகுதான் பிடித்ததே தெரிந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு 1971-இல் பீக்கிங்கில் மயக்க மருந்தே இல்லாமல், ஊசி மட்டும் குத்தி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன்னால் முட்டி வலி எம்மாத்திரம்?

அக்டோபர் 10, காலை

ரெஸ்டன் கதையை நான் தப்பாக எழுதிவிட்டேன். கீழே ஒரு நண்பர் பிடித்துவிட்டார், போய்ப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆபரேஷன் வழக்கம்போல மரத்துப்போகும் ஊசி மருந்து போட்டுத்தான் நடந்தது. மறுநாள் ராத்திரி வயிறு உப்பிக் கஷ்டப்பட்டபோதுதான் வலது முழங்கையிலும் முட்டிக்குக் கீழேயும் மூன்று ஊசி குத்தி, வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு மூலிகையைப் புகைய வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் இறுக்கம் குறைந்தது என்று அவரே தன் பத்திரிகையில் எழுதினார். வாய்வு பிரிந்த கதை ஆபரேஷன் கதையாக வளர்ந்துவிட்டது. இருபது வருடமாக டீக்கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் மறுத்ததில்லை.

அக்டோபர் 11

ஊசி வலிக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் எடுக்கும் ஊசி கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கனம், நடுவில் துளை. இது 0.25 மி.மீ. கம்பி, துளை கிடையாது. பிடிக்கும் இடத்தில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் நிறுத்தி, உள்ளே ஊசியைப் போட்டு விரலால் ஒரு தட்டு. கொசுக்கடி அளவுதான். அப்புறம் குழாயை எடுத்துவிட்டு ஊசியை இன்னும் உள்ளே இறக்கி லேசாகத் திருகுவார், அங்கேதான் சமாச்சாரம். புளியங்காய் கடித்த பல் மாதிரி சதைக்குள் ஒரு கூச்சம், அப்புறம் ஈரச் சாக்கைத் தூக்கி வைத்த கனம். அது வந்தால்தான் ஊசி பிடித்தது என்பார்கள். சீனத்தில் அதற்குப் பெயர் "தே சி", 'சி' வந்து சேர்ந்தது என்று பொருள். 'சி' என்பதை நம் ஆட்கள் பிராணன், உயிர்ச்சக்தி என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வலி தோளில், எனக்கு முதல் ஊசி போட்டது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பை ஒட்டி வெளிப்பக்கம். ஊசி காலில் நிற்கும்போதே கையைத் தூக்கு, இறக்கு என்றார். நானும் தகரக் கூரை மேல் மழை கொட்டக் கொட்டச் சேரில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பரேடு எடுத்தேன். அந்தப் புள்ளிக்குத் தியாவ்கோவ் என்று பெயர், தோளுக்கென்றே போடுவார்களாம். மொத்தம் 361 புள்ளிகள், அவற்றை இணைத்து 'சி' ஓடுவதாகச் சொல்லும் 14 தடங்கள். தடம் என்று அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, நரம்பும் இல்லை ரத்தக்குழாயும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 13

தம்பி பதில் போட்டிருக்கிறார்: அவர் சொல்லும் ஹீலர் ஊசியே வைப்பதில்லை, நாடி பார்த்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அரை நிமிடம் நிற்கிறாராம், அவ்வளவுதான். அப்படியானால் நானும் நீங்களும் இரண்டு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். தொடு சிகிச்சை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, களைத்தால் ஓய்வெடு, ராத்திரி தூங்கு என்று நாலு விதி சொல்வார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் ஊசி குத்தி நடந்த ஆராய்ச்சிகளைக் காட்டி விரலால் தொடுவதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

இன்னொன்று. சீனத்து ஐந்து பூதம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் ஐந்தில் காற்றும் ஆகாயமும் உண்டு, மரமும் உலோகமும் கிடையாது. இங்கே ஹீலர்கள் உலோகத்தை எடுத்துவிட்டுக் காற்று என்றும், மரத்தை எடுத்துவிட்டு ஆகாயம் என்றும் வைத்துக்கொண்டார்கள். நுரையீரலுக்குக் காற்று, சரி, பொருந்துகிறது. கல்லீரலுக்கு ஆகாயம் எப்படி வந்தது என்று ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் உணர வேண்டியது" என்றார்.

அக்டோபர் 13, கொஞ்ச நேரம் கழித்து

"அக்குபங்சர் சீனச் சொல், சீனர்கள் வைத்த பெயரை மதிக்கணும்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, அது லத்தீன். அகுஸ் என்றால் ஊசி. ஜப்பானில் டச்சுக் கம்பெனி டாக்டராக இருந்த டென் ரைனே என்பவர் 1683-இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. நம் மொழியில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது என்று ஒன்று இருக்கிறது, இந்த இழை அந்தத் திசையில்தான் போகிறது.

அக்டோபர் 17

ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வருவது கல்லீரல் நேரம் என்று ஹீலர் சொன்னாராம். உறுப்புக் கடிகாரம்: 11 முதல் 1 பித்தப்பை, 1 முதல் 3 கல்லீரல், 3 முதல் 5 நுரையீரல், இப்படி நாளைப் பன்னிரண்டாக வகுத்தது. சீனர்கள் பழைய காலத்தில் நாளையே இரண்டிரண்டு மணியாகத்தான் எண்ணினார்கள். வாட்ஸாப்பில் இது வராத குடும்பக் குழு கிடையாது. இருபத்தெட்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். என் கல்லீரல் ரோலர் பக்கத்தில் நின்றே வேலை பழகிவிட்டது. அம்மா ஒரு மணிக்கு விழிப்பது முட்டி குத்துவதாலா, பாத்ரூம் போவதற்கா என்று முதலில் கேளுங்கள். என் வீட்டில் கேட்டபோது பதில் "குளிருது" என்று வந்தது. இன்னொரு கம்பளி வாங்கினோம்.

அக்டோபர் 18

"அனுபவம் இருக்கட்டும், ஆதாரம் என்ன?" நியாயமான கேள்வி. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முறையான புள்ளிகளில் ஊசி, இன்னொன்றுக்குப் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியது, மூன்றாவதுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் முதல் கூட்டத்தில் 47.6 சதவீதம், பொய்க் குத்தல் கூட்டத்தில் 44.2, மூன்றாவதில் 27.4. 2007-இல் வெளியானது.

இதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ஊசி வழக்கமான வைத்தியத்தை விட நன்றாகவே வேலை செய்தது என்று ஒருவர் சொல்வார். எங்கே குத்தினாலும் ஒன்றுதானே, அப்புறம் 361 புள்ளி எதற்கு என்று இன்னொருவர் கேட்பார். இரண்டும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் டேஸ்டிங் மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைக்கும்போது எது எந்த ஃபேக்டரி இலை என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கு கேட்காது, பெயரைத்தான் கேட்கும். முப்பது வருட அனுபவசாலி நாக்கும் அப்படித்தான். பொய் ஊசி வைப்பது அதற்குத்தான். இன்னொரு வகைப் பொய் ஊசி உண்டு, முனை மழுங்கி, அழுத்தினால் நாடகக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள் போய்விடும், குத்தப்பட்டவருக்கே தெரியாது. ஆனால் குத்துகிறவருக்குத் தெரியும், அவர் முகத்தை எப்படி மறைப்பது?

பிறகு 2018-இல் 39 ஆராய்ச்சிகள், 20,827 பேரின் கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். நாள்பட்ட வலியில் நிஜ ஊசி பொய் ஊசியை விடக் கொஞ்சம் மேல், ஊசியே இல்லாததை விட நன்றாகவே மேல். அந்தக் 'கொஞ்சம்' எனக்கு உறுத்துகிறது. என் தோள் விஷயத்தில் அது எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 22

பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறது, கீழே போன இலை லாரி திரும்பவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீலகிரிக்கும் சீன வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவருக்கு. நடுவட்டத்தில் 1860-களில் மலேரியாவுக்குக் கொய்னா எடுக்க சிங்கோனா மரம் வைத்தார்களே, அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாய்ப் பக்கத்திலிருந்து மதராஸ் ஜெயில்களுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. விடுதலையானதும் சிலர் இங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே சரிவில் காபியும் காய்கறியும் போட்டுப் பிழைத்த இந்தக் குடும்பங்களை மதராஸ் மியூசியத்தில் இருந்த ஆங்கிலேயர் தர்ஸ்டன் பார்த்து எழுதியிருக்கிறார், 1909-இல் வந்த புத்தகம். அவர்கள் ஊசி கொண்டுவந்திருப்பார்களோ என்று நானே ஒரு கதை கட்டப் பார்த்தேன், கைதி கையில் எவன் ஊசி கொடுப்பான்.

ஆனால் மலேரியா இன்னொரு சுற்றுச் சுற்றி வருகிறது. சிங்கோனா மருந்துகளுக்கு அப்புறம் வந்த பெரிய மருந்து ஆர்டிமிசினின், அதைக் கண்டெடுத்தவர் சீனத்துத் தூ யூயூ. நாலாம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய குறிப்பில் இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது, காய்ச்சு என்று இல்லை. சூட்டில்தான் மருந்து கெடுகிறது என்று அவருக்குப் பொறி தட்டி, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் எடுத்தார். 1972-இல் பொருள் தனியாகக் கிடைத்தது, 2015-இல் நோபல். டிரையரில் சூட்டை ஏற்றி ஒரு லாட் இலையையே வாசனையில்லாமல் அடித்தவன் என்ற முறையில் அந்த அம்மாவுக்கு என் வணக்கம். கவனியுங்கள், பழைய ஏட்டை நம்பியதோடு அவர் நிற்கவில்லை, எலியில் பார்த்தார், குரங்கில் பார்த்தார், அப்புறம் தானே முதலில் குடித்துப் பார்த்தார்.

இந்தியாவுக்கு ஊசி வந்த வழியும் நல்ல கதை. 1938-இல் சீனத்துக்குப் போன ஐந்து இந்திய டாக்டர்களில் கோட்னிஸ் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும், அவர் 1942-இல் அங்கேயே இறந்தார். கூடப் போன விஜய் குமார் பாசு, பிற்பாடு திரும்பப் போய்க் கற்றுக்கொண்டு வந்து 1959-இல் கல்கத்தாவில் ஆரம்பித்தார்.

அக்டோபர் 23

அந்தப் புகை மூலிகை பற்றி. ரெஸ்டன் வயிற்றுக்குப் பக்கத்தில் புகைத்தார்களே, அது மாசிபத்திரியின் பங்காளி. நம் மலை மாசிபத்திரிக்குத் தாவரப் பெயரே ஆர்டிமிசியா நிலகிரிகா, ரோட்டோரத்தில் இடுப்பளவு நிற்கும், கசக்கினால் கசப்பு வாசனை. சீனர்கள் இலையைக் காயவைத்து இடித்துச் சலித்து, தூளைத் தள்ளிவிட்டுப் பஞ்சை மட்டும் எடுத்துச் சுருட்டு மாதிரி உருட்டுகிறார்கள். டீ ஃபேக்டரியில் பஞ்சு கழிவு, பெருக்கித் தள்ளுகிற சரக்கு. அங்கே அதுதான் சரக்கு, அதுவும் வருடக்கணக்கில் பழையதானால் விலை கூடுமாம். முட்டியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பார்கள், கதகதப்பு மெதுவாக உள்ளே இறங்கும். இந்தக் குளிரில் அதை யார் வேண்டாம் என்பார்கள்.

வீட்டில் மாசிபத்திரியைக் கொளுத்திப் பார்க்கிறேன் என்று எழுதியவரே, வேண்டாம். நான் பார்த்தாயிற்று. போர்வையில் ஓட்டை, வீட்டில் திட்டு.

அக்டோபர் 30

தம்பி நேற்று போட்டதைப் படித்த பிறகு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது ஹீலர் அம்மாவிடம் பி.பி. மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், அது விஷம், உடம்பில் கழிவாகத் தேங்குகிறது என்றிருக்கிறார்.

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

என் அக்கா கூடலூரில் இருக்கிறார். என் தோள் சரியான புதிதில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் எல்லார் முன்னாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டினேன். அக்காவுக்குத் தலைசுற்றல், அசதி. நான்தான் வா என்று கூட்டிப்போனேன், எனக்கு ஊசி போட்டவரிடம் இல்லை, பக்கத்திலேயே தொட்டுப் பார்க்கும் ஒருவரிடம், எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. அவரும் இதையேதான் சொன்னார். அக்கா மாத்திரையை நிறுத்தினார். பத்து நாளில் தலைவலி. போனில் கேட்டால் "கழிவு வெளியேறுகிறது, பொறுங்கள், இதுதான் நல்ல அறிகுறி" என்றார். இந்தப் பதிலில் ஒரு வசதி பாருங்கள், நோய் குறைந்தால் வைத்தியம் ஜெயித்தது, கூடினால் கழிவு போகிறது. பத்தொன்பதாம் நாள் காலையில் அக்கா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் மேலே 220, கீழே 120. பிழைத்துக்கொண்டார். இடது கை விரல்கள் மட்டும் இன்றுவரை புடவைக் கொசுவத்தைப் பிடிப்பதில்லை, மருமகள் மடித்துவிடுகிறாள். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பி.பி. ஏறினால் உடம்பு சொல்லாது, தம்பி. அம்மாவுக்கு நன்றாக இருப்பதுபோல் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்றைக்கே மாத்திரையைக் கொடுங்கள், நாளைக்கே போய் அளந்து பாருங்கள், எத்தனை நாள் விட்டது என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் பதிவில் "தாராளமாக" என்று எழுதினேனே, அந்த வார்த்தையை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 31

"இங்கிலீஷ் மருந்தால் சாகிறவர்களை எண்ணிப் பார்த்தீரா, இயற்கை என்றால் மட்டும் குதிக்கிறீர்" என்று ஒருவர். இயற்கையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகக் கிட்னி கெட்டது, நூறு பேர் அளவுக்கு. ஒரு மூலிகைக்குப் பதில் பெயரில் நெருங்கிய இன்னொன்று கலந்துவிட்டது, அது அரிஸ்டலோக்கியா. நம் ஆடுதின்னாப்பாளை அதே குடும்பம், அதே நஞ்சு. ஆடே தின்னாது என்று பெயர் வைத்துவிட்டுப் போன பாட்டிக்கு உம்மை விட விவரம் அதிகம்.

ஊசிக்கும் இது பொருந்தும். பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். முதுகிலும் நெஞ்சிலும் ஆழமாகக் குத்தி நுரையீரல் ஓட்டையானவர்கள் உண்டு. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள புள்ளியைக் கர்ப்பிணிகளுக்குத் தொட மாட்டார்கள், நல்லவர்கள்.

நவம்பர் 9

என் தோளைப் பற்றி ஒரு திருத்தம், கடைசித் திருத்தமாக இருக்கட்டும். இறுகிய தோள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் தானாகவே இளகும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நான் ஊசிக்குப் போனது பதினோராவது மாதம். அப்படியானால் எட்டு தடவை ஊசி இளக்கியதா, எட்டு வாரம் இளக்கியதா? அவரே கேட்ட அடுத்த கேள்வி, "சுகர் பார்த்தீங்களா?" சுகர் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். பார்த்தேன், இருந்தது. எட்டு வாரம் இரண்டு கையிலும் மூன்று மூன்று இடத்தில் நாடி பார்த்தவர் ஒரு தடவை கூட இதைக் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கை மென்மையான மனிதர். ஆனால் வலி போனதும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன், அதுதான் விஷயம்.

ஊசியே வேண்டாம் என்கிறீரா என்று கேட்காதீர்கள். ராத்திரி தூங்க முடியாமல் இருந்த அந்த வாரங்களில் வலி குறைந்தது நிஜம்.

நவம்பர் 21

தம்பி எழுதியதற்குப் பதில். அம்மாவின் பி.பி. கட்டுக்குள் வந்ததில் சந்தோஷம். ஊசி போட யாரிடம் போவது என்று கேட்டீர்கள். யோகா, இயற்கை மருத்துவம் ஐந்தரை வருடம் படித்த பி.என்.ஒய்.எஸ். டாக்டர்களுக்கு அக்குபங்சரும் பாடம். பல அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது, விசாரியுங்கள். முட்டித் தேய்மானத்துக்கு ஜெர்மனியில் 2007 முதல் இன்சூரன்ஸே ஊசிக்குப் பணம் தருகிறது. இங்கிலாந்தில் 2022-இல் முட்டித் தேய்மானத்துக்கு ஊசி பரிந்துரைக்காதே என்று எழுதிவிட்டார்கள். இரண்டு தேசத்துப் பெரிய டாக்டர்களும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: தொடைச் சதைக்குப் பயிற்சி. சேரில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்குவது, கையை ஊன்றாமல் சேரிலிருந்து எழுவது. காசு கிடையாது என்பதால் யாரும் செய்வதில்லை, நான் உட்பட.

டிசம்பர் 12

தம்பியின் செய்தியை அப்படியே இங்கே போடுகிறேன், அவர் சம்மதத்தோடு.

"நாலு தடவை ஊசி ஆயிற்று. முட்டி வலி பாதியாகக் குறைந்தது என்கிறார், மாடிப்படியில் இன்னும் கஷ்டம்தான். முதல் நாள் ஊசி போட்டு சிவப்பு விளக்குச் சூட்டில் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டார், நர்ஸ் எழுப்ப வேண்டியிருந்தது. வெளியே வந்து, பகலில் அரை மணி நேரம் படுத்து எத்தனை வருடம் ஆச்சு தெரியுமா, உன்னைப் பெற்றபோது படுத்தது என்றார்."

இதைப் படித்துவிட்டு ஜெர்மன் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பொய்க் குத்தல் கூட்டத்திலும் எல்லாரையும் படுக்க வைத்துத்தானே குத்தியிருப்பார்கள்.

டிசம்பர் 12, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த தடவை போகும்போது பி.பி. சீட்டையும் கம்பளியையும் எடுத்துப் போங்கள். ஊட்டியில் உறைபனி ஆரம்பித்துவிட்டது.